கறுப்பு இரலையைக் கண்டவர்கள்

ஆப்பிரிக்காவுக்குச் சஃபாரி செல்பவர்களிடம் ஒரு பட்டியல் இருக்கும். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை என்னும் ஐந்து விலங்குகள். ஐந்தையும் பார்த்துவிட்டால் பயணம் நிறைவடைந்ததாகக் கொள்வார்கள். சுற்றுலா நிறுவனங்கள் இன்று விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் இந்தப் பட்டியலை முதலில் வகுத்தவர்கள் வேட்டைக்காரர்கள். நடந்து சென்று சுடுவதற்கு மிகவும் ஆபத்தான விலங்குகள் எவையோ அவற்றையே அவர்கள் ஐந்தாகத் தொகுத்தார்கள். துப்பாக்கி போய்க் கேமரா வந்த பிறகும் பட்டியல் மட்டும் மாறவில்லை.

இந்தப் பட்டியலைப் பொருட்படுத்தாத சிறு கூட்டம் ஒன்றும் உண்டு. அவர்கள் அரிய மறிமான்களைத் தேடிச் செல்பவர்கள். எத்தியோப்பியாவின் பாலே மலைகளில் வாழும் மலை நியாலா, கென்யாவின் அபர்டேர் காடுகளில் ஒளிந்திருக்கும் போங்கோ, கென்ய - சோமாலிய எல்லையில் ஐந்நூறுக்கும் குறைவாக எஞ்சியிருக்கும் ஹிரோலா என்று அவர்களுடைய பட்டியல் வேறு. அந்தப் பட்டியலின் உச்சியில், அவர்களிலும் பெரும்பாலோர் காணவே முடியாத விலங்கு ஒன்று இருக்கிறது. அங்கோலா நாட்டின் இராட்சத சேபிள். போர்ச்சுகீசிய மொழியில் பலாங்கா நெக்ரா ஜிகாந்தே, அதாவது பெரிய கறுப்புப் பலாங்கா. யார் யார் எப்படி அதைக் கண்டார்கள், கண்டதனால் என்ன நேர்ந்தது என்று கேட்டுப் பார்த்தால் ஒரு நூற்றாண்டின் வரலாறு அதற்குள் அடங்கியிருப்பது தெரிகிறது.

முதலில் ஒரு சொல் விளக்கம். நமது பேச்சுவழக்கில் எல்லாமே மான்தான். விலங்கியல் அவற்றை இரண்டு குடும்பங்களாகப் பிரிக்கிறது. கிளைத்த கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைக்கும் புள்ளிமான், கடமான் முதலியவை ஒரு குடும்பம். எலும்பின்மேல் உறைபோல வளர்ந்து வாழ்நாள் முழுதும் உதிராத, கிளைக்காத கொம்புடையவை மற்றொன்று. இவை மாட்டுக்கும் ஆட்டுக்கும் உறவு. மறிமான் என்று இன்று கலைச்சொல்லாக வழங்குவது இவற்றையே. நம் நாட்டு வெளிமான் இவ்வகையைச் சேர்ந்தது; சங்கப் பாடல்களில் வரும் இரலையும் அதுவே. தொல்காப்பிய மரபியல் இரலை, கலை ஆகியவற்றை ஆண்பாற் பெயர்களிலும் பிணையைப் பெண்பாற் பெயர்களிலும் வைக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பெயர் வைத்த அந்த வழக்கு இக்கட்டுரைக்கு எதிர்பாராத வகையில் உதவுகிறது. ஏனெனில் பலாங்காவின் கதையில் ஒரு கட்டத்தில் பிணைகள் இருந்தன, இரலை இல்லாமற் போயிற்று.

கொம்பு

சேபிள் என்னும் பொது இனத்தை ஐரோப்பியர் 1836இல் அறிந்தனர். பம்பாய் பொறியாளர் படையைச் சேர்ந்த வில்லியம் கார்ன்வாலிஸ் ஹாரிஸ் என்னும் அதிகாரி, உடல்நலம் தேறுவதற்காக இந்தியாவிலிருந்து தென்னாப்பிரிக்கா சென்றவர், மகாலீஸ்பெர்க் மலைப்பகுதியில் அதைச் சுட்டார். கரிய உடல், வெண்ணிற வயிறு, முதுகை நோக்கி வாள்போல் வளைந்த கொம்புகள். வேட்டைக்காரர்கள் நடுவே அது உடனே புகழ்பெற்றது.

ஆனால் அங்கோலாவின் சேபிள் வேறு. அதன் கொம்பு ஒன்று 19ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகர அருங்காட்சியகத்தை அடைந்திருந்தது. நீளம் 61 அங்குலம். அதுவரை அறியப்பட்ட எந்தச் சேபிளுக்கும் அத்தனை நீளக் கொம்பு கிடையாது. எங்கிருந்து வந்தது என்பதற்குத் தெளிவான குறிப்பு இல்லாததால் அது நெடுங்காலம் ஒரு புதிராகவே இருந்தது.

புதிரை அவிழ்த்தது ஒரு ரயில் பாதை. கடாங்காவின் செம்பை அட்லாண்டிக் கடற்கரைக்குக் கொண்டுவருவதற்காக ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் 1902இல் போர்ச்சுகீசிய அரசிடம் உரிமை பெற்றுத் தொடங்கிய பெங்கேலா ரயில் பாதை அது. அதில் பொறியாளராகப் பணியாற்றிய ஃபிராங்க் வேரியன், உள்நாட்டில் வழக்கத்துக்கு மீறிய நீளமுள்ள சேபிள் கொம்புகள் இருப்பதைக் கவனித்தார். பல ஆண்டு விசாரிப்புக்குப் பின் குவான்சா, லுவாண்டோ என்னும் இரண்டு ஆறுகளின் மேற்பகுதிகளுக்கு இடையிலான காடுகளே அதன் வாழிடம் என்று கண்டறிந்தார். அவர் அனுப்பிய மாதிரிகளைக் கொண்டு லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஓல்ட்ஃபீல்ட் தாமஸ் 1916இல் அதை விவரித்து, அறிவியல் பெயரில் வேரியனின் பெயரைச் சேர்த்தார். தம் வாழ்நாளில் ஏறத்தாழ இரண்டாயிரம் பாலூட்டி வகைகளுக்குப் பெயரிட்டவர் தாமஸ். அவர் முன் வந்தவை பெரும்பாலும் தோல்களும் மண்டையோடுகளும்தாம்.

கண்டுபிடிப்பு என்ற சொல்லை இங்கே எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும். அந்த ஆறுகளுக்கு இடையே வாழ்ந்த சோங்கோ, லுயிம்பி மக்களுக்குப் பலாங்கா தெரியாத விலங்கன்று. அவர்கள் அதை மதித்துப் போற்றினார்கள் என்றும், அதைப் பற்றி வெளியாரிடம் பேசத் தயங்கினார்கள் என்றும் பின்னாளில் அங்கு சென்றவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தத் தயக்கத்தின் பொருள் சில ஆண்டுகளிலேயே விளங்கிவிட்டது.

கண்ணாடிப் பேழை

1916க்குப் பின் அந்த நிலப்பகுதி உலக வேட்டைக்காரர்களின் வரைபடத்தில் இடம்பெற்றது. அறுபது அங்குலக் கொம்பு என்பது அவர்கள் நடுவே ஒரு பட்டம்போல ஆயிற்று. அருங்காட்சியகங்களும் பின்தங்கவில்லை. 1925இல் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக ஆர்தர் வெர்னே அங்கோலா சென்றார். இவர் அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் இந்தியக் காடுகளிலும் அதே அருங்காட்சியகத்துக்காக விலங்குகளைச் சேகரித்தவர். 1929இல் ஃபிலடெல்ஃபியாவின் இயற்கை அறிவியல் கழகத்துக்காகப் பிரெண்டிஸ் கிரே சென்றார். வெர்னேயின் பயணத்தில் கிடைத்த பலாங்காக்கள் பாடம் செய்யப்பட்டு, தீட்டிய வானமும் செயற்கைப் புல்லுமாகக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தப்பட்டன. நியூயார்க்கில் அவை இன்றும் நிற்கின்றன. உலகில் மிக அதிகமான மனிதர்கள் பலாங்காவைப் பார்த்திருப்பது அங்கோலாவில் அன்று, அந்தக் கண்ணாடிக்கு முன்னால்தான் என்று தோன்றுகிறது.

இந்தச் சேகரிப்பு வேட்கைக்கு அதே குலத்தில் ஒரு முன்கதை உண்டு. தென்னாப்பிரிக்காவின் தென்கோடியில் நீலமான் என்று அழைக்கப்பட்ட மறிமான் ஒன்று வாழ்ந்தது. சேபிளுக்கு மிக நெருங்கிய உறவு. ஐரோப்பியக் குடியேறிகள் அதைச் சாதாரணமாகக் கண்டார்கள், சாதாரணமாகச் சுட்டார்கள். 1800 வாக்கில் அது அழிந்தது. வரலாற்றுக் காலத்தில் ஆப்பிரிக்கா இழந்த முதல் பெரிய பாலூட்டி அதுவே. ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் சில தோல்களும் கொம்புகளும் எஞ்சின. 2021இல் வெளியான ஒரு மரபணு ஆய்வில் நீலமான் என்று கருதப்பட்ட பத்து மாதிரிகளைச் சோதித்தபோது நான்கு மட்டுமே நீலமானுக்கு உரியவை என்று தெரிந்தது. ஏனையவை சேபிளும் ரோனுமாக இருந்தன. உயிரோடு இருந்தபோது எவரும் சரியாகப் பார்த்து எழுதி வைக்காத ஒரு விலங்கு, இறந்து இருநூறு ஆண்டுக்குப் பிறகும் ஆள்மாறாட்டத்துக்கு உள்ளாகிறது.

பலாங்காவுக்கும் அந்த முடிவு வரக்கூடும் என்று முதலில் அஞ்சியவர்களில் வேரியனே ஒருவர். பாதுகாப்பு வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். 1933இல் லண்டனில் காலனி அரசுகள் கையெழுத்திட்ட வனவிலங்கு ஒப்பந்தத்தில் மிகக் கடுமையான பாதுகாப்புக்குரிய முதல் வகுப்பில் இராட்சத சேபிள் சேர்க்கப்பட்டது. 1938இல் லுவாண்டோ வேட்டை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. எட்டாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு. அதற்கு வடக்கே, மலாஞ்சே நகருக்கு அண்மையில், சுமார் அறுநூறு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கங்காந்தலா 1963இல் ஒதுக்கிடமாகவும் 1970இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. உலகில் பலாங்காவுக்கு இருக்கும் இடம் இவ்விரண்டு மட்டுமே.

துப்பாக்கியும் இல்லாமல் கண்ணாடியும் இல்லாமல் பலாங்காவைப் பொறுமையாகப் பார்த்து எழுதியவர்களில் முதன்மையானவர் ரிச்சர்ட் எஸ்டெஸ் என்னும் அமெரிக்க விலங்கியலாளர். 1969-70இல் தம் மனைவியோடு லுவாண்டோவில் தங்கி ஆராய்ந்தார். பிணைகளும் கன்றுகளும் கூட்டமாக வாழ்கின்றன. செம்பழுப்பு நிறமுடைய பிணைகள் தலைமுறை தலைமுறையாக ஒரே நிலப்பரப்பை விட்டு அகல்வதில்லை. இளம் ஆண்கள் சில ஆண்டுகளில் கூட்டத்தினின்று விலக்கப்படுகின்றன. முதிர்ந்த ஆண் தனக்கென ஒரு எல்லை வகுத்துத் தனித்து நிற்கிறது. உடல் முற்றக் கறுக்கிறது. பிற சேபிள்களின் முகத்தில் கண்ணிலிருந்து மூக்குவரை தெளிவாக ஓடும் வெண்கோடு இதில் பெரும்பாலும் மறைந்து முகமே கறுத்துவிடுகிறது. பிறந்த கன்றைத் தாய் முதற்சில வாரங்கள் புல்லில் ஒளித்து வைக்கிறது. கறையான் புற்றுகளின் உவர்மண்ணை நக்க இவை திரும்பத் திரும்ப வருகின்றன. இந்தக் கடைசிச் செய்தி சிறியதாகத் தோன்றலாம். முப்பத்தைந்து ஆண்டு கழித்து அதுவே இவ்விலங்கைத் திரும்பக் காட்டிக்கொடுத்தது.

அக்காலத்தில் இரண்டு இடங்களிலுமாகச் சுமார் இரண்டாயிரம் பலாங்காக்கள் இருந்திருக்கலாம் என்பது கணிப்பு.

இருட்டு

1975 நவம்பர் 11 அன்று அங்கோலா விடுதலை பெற்றது. அதற்கு முன்பே விடுதலை இயக்கங்கள் ஒன்றையொன்று சுடத் தொடங்கியிருந்தன. எம்.பி.எல்.ஏ. அரசுக்குச் சோவியத் ஒன்றியமும் கியூபப் படைகளும் துணை; யூனிட்டாவுக்கு அமெரிக்காவும் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசும் துணை. இடையிடையே ஓய்ந்தும் மூண்டும் இருபத்தேழு ஆண்டுகள் நீண்டது போர். லட்சக்கணக்கானோர் மாண்டனர். ஊர்கள் காலியாயின. வயல்களிலும் பாதைகளிலும் கண்ணிவெடிகள் விதைக்கப்பட்டன. கங்காந்தலாவுக்கு அருகிலுள்ள மலாஞ்சே நகரம் தொண்ணூறுகளில் முற்றுகைக்கும் குண்டுவீச்சுக்கும் உள்ளாகிப் பட்டினியில் தவித்தது.

இத்தகைய சூழலில் ஒரு மறிமானின் கதி என்னவாயிற்று என்று கேட்பதே சிலருக்கு அநாகரிகமாகப் படக்கூடும். அந்த எண்ணத்தில் நியாயம் உண்டு. பசித்தவன் காட்டில் கண்ணி வைப்பதைக் குற்றம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அங்கோலாவின் விலங்குகளை அழித்தது பசி மட்டுமன்று. தந்தமும் காண்டாமிருகக் கொம்பும் போருக்குப் பணமாயின. அங்கோலாவிலிருந்து தந்தம் கடத்தப்பட்டதில் தென்னாப்பிரிக்க ராணுவத்தினருக்குப் பங்கிருந்ததை அந்நாடே அமைத்த கும்லெபன் ஆணையம் 1996இல் வெளிப்படுத்தியது. இயந்திரத் துப்பாக்கி ஏந்திய படைகளுக்கு இறைச்சியாகவும் எத்தனையோ மந்தைகள் வீழ்ந்தன.

விந்தை என்னவென்றால், விலங்கு கண்ணினின்று மறையத் தொடங்கிய அதே ஆண்டுகளில் அதன் உருவம் நாடெங்கும் பரவியது. அங்கோலா விமான நிறுவனமான டாக்கின் விமானங்கள் வால்பகுதியில் பலாங்காவின் தலையைச் சுமந்து பறந்தன. தேசியக் கால்பந்து அணிக்குப் பலாங்காஸ் நெக்ராஸ் என்றே பெயர். பகைமையால் பிளவுண்ட நாட்டில் எவரும் சண்டையிடாமல் தமது என்று சொல்லிக்கொள்ளக் கூடியவை மிகச் சிலவே. பலாங்கா அவற்றுள் ஒன்று. ஆனால் அது உயிரோடு இருக்கிறதா என்று அறிந்தவர் யாருமில்லை. சின்னமாவதற்கு உயிர் தேவைப்படுவதில்லை.

உவர்மண்

2002 பிப்ரவரியில் யூனிட்டா தலைவர் ஜோனாஸ் சவிம்பி கொல்லப்பட்டார். ஏப்ரலில் போர் முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு குழு ஹெலிகாப்டரில் தேடிச் சென்று பலாங்காக்களைக் கண்டதாக அறிவித்தது. ஐயத்துக்கு இடமில்லாத படம் இல்லாததால் அது ஏற்கப்படவில்லை.

பிறகு வந்தவர் பெட்ரோ வாஸ் பிண்ட்டோ. லுவாண்டாவிலுள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர். 2003 முதல் கங்காந்தலாவில் உள்ளூர்த் தடம் பார்ப்போருடன் அலைந்தார். பலாங்கா இருக்கிறது என்பதில் அந்த ஊர்க்காரர்களுக்கு ஐயமில்லை. உலகுக்குத்தான் சான்று வேண்டியிருந்தது. விலங்கு கண்ணில் படவில்லை; அதன் பிழுக்கைகள் கிடைத்தன. அவற்றிலிருந்து பிரித்த மரபணுவை அருங்காட்சியகங்களில் இருந்த பழைய மாதிரிகளின் மரபணுவோடு ஒப்பிட்டபோது பொருந்தியது. வேட்டைக் காலத்தில் கடல் கடந்துபோன எலும்பும் தோலும், அவற்றின் வழித்தோன்றல்கள் உயிரோடிருப்பதற்குச் சாட்சி சொல்லின. சேகரிப்பாளர்களின் செயலை இது நியாயப்படுத்துமா என்றால், அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வரலாற்றில் ஒரு செயலின் பயன் அதைச் செய்தவரின் நோக்கத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டும் அரிது.

அடுத்து, பலாங்காக்கள் உவர்மண் நக்க வரும் புற்றுகளின் அருகே தானியங்கிக் கேமராக்கள் கட்டப்பட்டன. 2005 தொடக்கத்தில் படங்கள் கிடைத்தன. செம்பழுப்புப் பிணைகளின் கூட்டம், உடன் கன்றுகள். போருக்குப் பிந்தைய முதல் மறுக்க முடியாத படங்கள் அவை. படம் பிடிக்கப்பட்ட கணத்தில் அங்கே மனிதர் எவரும் இல்லை. அடுத்த ஆண்டு ஜூனில் அங்கோலா முதன்முறையாக உலகக் கோப்பைக் கால்பந்தில் ஆடியது. முதல் ஆட்டமே முன்பு தன்னை ஆண்ட போர்ச்சுகலுடன். தோற்றாலும், தம் அணியின் பெயருக்குரிய விலங்கு உயிரோடிருக்கிறது என்று அறிந்து ஆடிய ஆட்டம் அது.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. படங்களை ஊன்றி நோக்கியபோது சில இளம் விலங்குகளின் காதுகளும் முகமும் நிறமும் விநோதமாக இருந்தன. எத்தனை படங்கள் வந்தும் அவற்றில் முதிர்ந்த பலாங்கா ஆண் ஒன்றுகூடத் தென்படவில்லை. விடை மெல்லத் துலங்கியது. கங்காந்தலாவில் ஆண்கள் அற்றுப்போயிருந்தன. இடத்தைவிட்டு அகலாத பிணைகள் அங்கேயே காத்திருக்க, ரோன் என்னும் வேறோர் இனத்தின் ஆண் அக்கூட்டத்தில் சேர்ந்துவிட்டது. விநோதமாகத் தெரிந்தவை கலப்பினக் கன்றுகள். இப்படியே சில ஆண்டுகள் போயிருந்தால் எஞ்சிய பிணைகளும் முதிர்ந்து இறந்திருக்கும். புகைப்படத்தில் ஒரு மந்தை இருந்திருக்கும், பலாங்கா இருந்திராது.

சஃபாரி செல்பவர் அக்கூட்டத்தைத் தொலைநோக்கியில் பார்த்திருந்தால் தம் பட்டியலில் ஒரு குறியிட்டு மனநிறைவோடு திரும்பியிருப்பார். ஆண் ஏன் இல்லை என்ற கேள்வி, ஒரே இடத்தை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்த்தவருக்கே எழுந்தது. காண்பது வேறு, கவனிப்பது வேறு என்று நாம் இலக்கியத்தில் சொல்லிக்கொள்வது இங்கே ஓர் உயிரினத்தின் இருப்புக்கான கேள்வியாகிறது.

2009இல் மீட்புப் பணி நடந்தது. அங்கோலா ராணுவம் ஹெலிகாப்டர் தந்தது. கங்காந்தலாவில் ஒன்பது தூய பிணைகள் மயக்க ஊசியால் பிடிக்கப்பட்டு வேலியிட்ட பகுதிக்குள் விடப்பட்டன. லுவாண்டோவின் காடுகளில் தேடி ஓர் ஆணைப் பிடித்துக் கொண்டுவந்து அவற்றோடு சேர்த்தார்கள். ஒன்பது பிணைகள், ஒரு இரலை. மறு ஆண்டு கன்றுகள் பிறந்தன. 2011இல் லுவாண்டோவிலிருந்து மேலும் சில விலங்குகள் கொண்டுவரப்பட்டன. இருபது ஆண்டுகள் ஒருவரையொருவர் கொல்லப் பயன்பட்ட ஹெலிகாப்டர்கள் ஒரு மறிமானைத் தூக்கி வந்தன என்பதை அந்நாட்டு மக்கள் எவ்வாறு உணர்ந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இன்று இரண்டு இடங்களிலுமாகப் பலாங்காக்கள் சில நூறு இருக்கின்றன. கங்காந்தலாவில் எண்ணிக்கை ஏறுகிறது. ஊர்மக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட காவலர்கள் அவற்றைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குப் பலாங்காவின் மேய்ப்பர்கள் என்று பெயர். ஒரு காலத்தில் வெளியாரிடம் பேசத் தயங்கிய சமூகத்தின் பிள்ளைகள் இன்று தடம் பார்த்துக் கணக்குச் சொல்கிறார்கள். அவர்களது முன்னோரின் மௌனத்தையும் ஒரு பாதுகாப்பு முறையாக நாம் கணக்கில் எடுக்க வேண்டும். எந்தச் சட்டமும் எழுதப்படுவதற்கு முன் அதுதான் பலாங்காவைக் காத்தது.

லுவாண்டோவின் நிலை அவ்வளவு நம்பிக்கை தருவதாக இல்லை. அங்கே நீர்நிலைகளுக்குச் செல்லும் தடங்களில் கம்பிக் கண்ணிகளும் இரும்புப் பொறிகளும் வைக்கப்படுகின்றன. மயக்கி ஆராயப்பட்ட விலங்குகள் பலவற்றின் கால்களில் அவை விட்ட காயங்கள் இருந்தன. கண்ணியில் விழுந்த இறைச்சி ஊர் உணவோடு நிற்காமல் நகரச் சந்தைக்கும் போகிறது. போர் முடிந்து சாலைகள் சீரானது மனிதர்களுக்கு நன்மை. அதே சாலை வழியாக இறைச்சியும் விரைந்து செல்கிறது.

அங்கோலா அரசு சுற்றுலாவை வளர்க்க விரும்புகிறது. கங்காந்தலாவுக்கும் என்றாவது பயணிகள் மிகுதியாகச் செல்லக்கூடும். அவர்கள் செலுத்தும் பணம் மேய்ப்பர்களின் ஊதியமாகுமானால் அது நல்லதே. ஆனால் பலாங்காவைக் காணாமலே திரும்ப நேர்ந்தாலும் அந்தப் பயணம் வீண் என்று அவர்கள் கருதாமலிருக்க வேண்டும். உவர்மண் புற்றின் ஓரத்தில் ஒரு புதிய குளம்படி, சில பிழுக்கைகள், கேமராவைக் கட்டிய மரம், அதைக் காட்டித் தரும் ஊர்க்காரர். லுவாண்டோவின் ஏதோ ஒரு தடத்தில் அதே நாளில் ஒரு கண்ணி அகற்றப்பட்டிருந்தால், பயணி காணாத அந்த இரலை மறுநாளும் நீர் குடிக்க வரும்.